நாலு ஓர்கா, ஒரு கெல்ப் காடு, ஐம்பது வருஷ ஆராய்ச்சி

இன்னைக்கு ஒரே ஒரு ஆளோட வேலையை வச்சு ஒரு காட்டோட கதையைச் சொல்லப் போறேன். காடுன்னா மரம் இல்ல, கெல்ப். குளிர்ந்த கடல்ல பாறையைப் பிடிச்சுக்கிட்டு மேல்நோக்கி வளர்ற பெரிய பழுப்புநிறக் கடற்பாசி. மீன், நண்டு, நத்தைன்னு ஏகப்பட்ட உயிர்களுக்கு அதுதான் வீடு. மெரினாவுலயோ ராமேஸ்வரத்துலயோ தேடாதீங்க. கெல்புக்கு நம்ம தண்ணி ரொம்பச் சூடு.

ஆள் பேர் ஜேம்ஸ் எஸ்டிஸ், அமெரிக்கக் கடல் சூழலியலாளர். 1970-ல், மாணவரா இருக்கும்போதே, அலாஸ்காவோட அலூஷியன் தீவுகள்ல ஒண்ணான அம்சிட்காவுக்குப் போறார். அமெரிக்கா அங்க பூமிக்கடியில அணுகுண்டு சோதனை நடத்திட்டிருந்த காலம். அந்த அணுசக்தித் துறைப் பணத்துலதான் கடல் நீர்நாய் ஆராய்ச்சியே நடந்துச்சு. விசித்திரமான ஸ்பான்சர்!

கெல்ப் காடு நீர்நாயை எப்படி வாழவைக்குதுன்னு பார்க்கறதுதான் அவரோட திட்டம். 1971-ல தீவுக்கு வந்த ராபர்ட் பெய்ன்ங்கற சூழலியலாளர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: நீர்நாய் காட்டுக்கு என்ன செய்யுது?

இதுக்குப் பதில் தேட ஒரு வசதி இருந்துச்சு. ரோமத்துக்காக வேட்டையாடி, 1911 ஒப்பந்தம் வர்றதுக்குள்ள நீர்நாயைக் கிட்டத்தட்ட அழிச்சிருந்தாங்க. அப்புறம் சில தீவுகள்ல அது மறுபடி பெருகிச்சு, சிலதுல இல்ல. அம்சிட்காவுல இருந்துச்சு, ஷெம்யா தீவுல இல்ல. எஸ்டிஸ் ஷெம்யாவுல தண்ணிக்குள்ள இறங்கிப் பார்த்தா தரை முழுக்க கடல் முள்ளெலி, கெல்ப் காணோம். நீர்நாய் முள்ளெலியைத் தின்னும், முள்ளெலி கெல்பைத் தின்னும். நடுவுல இருக்கறவனை அடக்க ஆள் இல்லைன்னா காடு காலி. 1974-ல ஜான் பால்மிசானோவோட சேர்ந்து இதை 'சயின்ஸ்' இதழ்ல எழுதினார்.

கதை இங்கயே முடிஞ்சிருந்தா பாடப்புத்தகத்துக்குப் போதும். ஆனா 1990-கள்ல நீர்நாய்கள் மறுபடி மளமளன்னு குறைய ஆரம்பிச்சுது. நோயா, பட்டினியா? செத்த உடல்களே அதிகமா கரை ஒதுங்கல. சந்தேகம் ஓர்கா திமிங்கலத்து மேல போச்சு. இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஏடாக் தீவுல கிளாம் லகூன்னு ஒரு காயல் இருக்கு. வாய் குறுகலா, ஆழம் இல்லாம இருக்கறதால ஓர்கா உள்ள வர முடியாது. பக்கத்துலயே குலுக் விரிகுடா, திறந்த கடல். விரிகுடாவுல நீர்நாய்கள் மறைஞ்சுது, காயல்ல அப்படியே இருந்துச்சு. 1998-ல வந்த கட்டுரையில கணக்கும் போட்டாங்க: நீர்நாயை மட்டுமே தின்னுற ஓர்கா நாலு இருந்தாலே இவ்வளவு இழப்பும் வந்துடும். ஓர்கா ஏன் மெனுவை மாத்துச்சு? பெரிய திமிங்கலங்களை மனுஷன் வேட்டையாடித் தீர்த்ததுதான் காரணம்னு எஸ்டிஸ் தரப்பு சொல்லுது. அதை எதிர்க்கறவங்களும் நிறைய. நீர்நாய் குறைஞ்சதும் முள்ளெலி பெருகி, கெல்ப் போச்சு.

சரி, பருவநிலை மாற்றம் எங்க வருது? 'நீர்நாய் பூமியைக் காப்பாத்தும்'னு ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கெல்ப் கார்பனை இழுக்கறது உண்மை; ஆனா அழுகும்போதும் தின்னப்படும்போதும் அதுல பெரும்பகுதி திரும்பி வந்துடும்.

இதைவிடக் கவலையான விஷயம் கெல்புக்குக் கீழ இருக்கு. அங்க பாறையை மூடியிருக்கறது கிளாத்ரோமார்ஃபம்ங்கற சிவப்புப்பாசி. சுண்ணாம்பை அடுக்கடுக்கா சேர்த்து, நூற்றுக்கணக்கான வருஷமா வளர்ற திட்டு. வருஷத்துக்கு ஒரு அடுக்கு, மரத்தோட வளையம் மாதிரி. முள்ளெலி எந்தக் காலத்துல கடிச்சதுங்கற தடம்கூட அதுல பதிவாகியிருக்கு. கெல்பை முடிச்ச முள்ளெலி அடுத்து இதைத்தான் துளைக்குது. முன்னாடியும் நீர்நாய் இல்லாத காலம் உண்டு, அப்போ திட்டு தாங்குச்சு. இப்போ கடல் சூடாகுது, அமிலமாகுது. பாசியோட சுண்ணாம்பு பலவீனமாகுது, சூட்டுல முள்ளெலிக்குப் பசி கூடுது. 2020-ல டக் ராஷர் தலைமையில எஸ்டிஸும் சேர்ந்த குழு ஆய்வகத்துல சோதிச்சப்போ, தொழிற்புரட்சிக்கு முந்தைய கடலைவிட இன்றைய கடல் நிலையில பாசியைச் சாகடிக்கிற அளவு அரிப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல கூடியிருந்துச்சு.

நீர்நாய் திரும்பினா முள்ளெலி அடங்கும், திட்டுக்கு அவகாசம் கிடைக்கும்னு அந்தக் குழு சொல்லுது. கடலைக் குளிர வைக்கறதைவிட அது சீக்கிரம் நடக்கும். ஆனா தென்மேற்கு அலாஸ்கா நீர்நாய்கள் 2005-லயே அழியும் ஆபத்துல உள்ளவைன்னு சட்டப் பட்டியல்ல ஏறியாச்சு, மேற்கு அலூஷியன்ல இன்னும் பழைய எண்ணிக்கைக்கு மீளல.