கோவேறு கழுதையும் இனங்களின் எல்லையும்

மத்ரஸாக்களில் ‘ஈஸாகூஜி’ ஓதியவர்கள் ‘நவ்உ’ என்னும் சொல்லை அறிவர். குதிரை ஒரு நவ்உ, கழுதை மற்றொன்று, இரண்டும் ‘ஹயவான்’ என்ற ஜின்ஸின் கீழ் அடங்கும். ஒரு பொருள் ‘யாது?’ என்ற வினாவுக்கு விடையாக அமையும் இப்பகுப்பில் காலத்துக்கு இடமில்லை. உயிரியலார் கூறும் ‘இனம்’ வேறு. 1942இல் எர்னஸ்ட் மயர் தந்த வரையறைப்படி, தமக்குள் கலந்து பெருகி, இனப்பெருக்கத்தால் பிறவற்றினின்று விலகி நிற்கும் கூட்டமே இனம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே நம் மேடை விவாதங்கள் பல திசை மாறுகின்றன. உயிரியலார் கூற்றை ஏற்பதும் மறுப்பதும் பின்னர் ஆகட்டும். அவர்கள் சொல்வது இன்னதென அறியாமல் மறுப்பது ஆலிமுக்கு அழகன்று.

இனங்களுக்கிடையே எல்லை எழும் வகையைக் காட்டக் கோவேறு கழுதை தக்க சான்று. ஸூரத்துன் நஹ்லின் 8ஆம் வசனம் குதிரைக்கும் கழுதைக்கும் நடுவே அதனைக் குறிப்பிடுகிறது. ஹிஜ்ரி 255இல் மறைந்த அல்ஜாஹிழ் அதற்கெனத் தனி நூலே யாத்தார். ஷாஃபிஈ மத்ஹபில் குதிரை இறைச்சி ஆகும், வளர்ப்புக் கழுதையின் இறைச்சி ஆகாது. இரண்டுக்கும் பிறந்ததும் ஆகாது.

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் அவ்விலங்கு உடலுரம் மிக்கது. ஆயினும் ஈன்று பெருகுவதில்லை. குதிரைக்குக் குரோமோசோம்கள் 64, கழுதைக்கு 62. தாயிடமிருந்து 32, தந்தையிடமிருந்து 31 பெற்று, 63 உடையதாய் அது பிறக்கிறது. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது தாய்வழிக் குரோமோசோம்கள் தந்தைவழி இணைகளோடு சேர்ந்து பின் பிரிதல் வேண்டும். இங்கே அவை செவ்வனே பொருந்துவதில்லை. பெண் கோவேறு கழுதை கருவுற்றதாக அறியப்பட்ட நிகழ்வுகள் மிக அரியன.

ஒற்றைப்படை எண்ணே காரணம் எனத் துணிந்துவிடலாகாது. மங்கோலியாவின் பிரெஸ்வால்ஸ்கி காட்டுக் குதிரைக்கு 66 குரோமோசோம்கள். அது வளர்ப்புக் குதிரையுடன் கலந்து பிறக்கும் குட்டிக்கு 65. எனினும் அக்குட்டி வளர்ந்து ஈனும்! காட்டுக் குதிரையில் இரண்டாக நிற்கும் குரோமோசோம் வளர்ப்புக் குதிரையில் ஒன்றாக இருக்கிறது. உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றே ஆதலால் அவை பொருந்திக்கொள்கின்றன. குதிரைக்கும் கழுதைக்கும் இடையிலோ குரோமோசோம்களின் அமைப்பே பலவாறு மாறிவிட்டது.

இவ்வேறுபாட்டின் பின்னே நிற்பது காலம். அவ்விரு குதிரைகளும் பிரிந்து சில பத்தாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. குதிரை வழியும் கழுதை வழியும் பிரிந்தது ஏறத்தாழ 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்பது 2013இல் வெளியான மரபணு ஆய்வின் கணிப்பு. மலையோ பாலையோ ஒரு கூட்டத்தை இரண்டாக்கினால், இருபுறமும் மாற்றங்கள் தனித்தனியே சேர்கின்றன. அவற்றுள் எதுவும் மறுபுறத்தாரைத் தடுக்கவென எழுந்ததன்று. பிரிவு நீண்டபின் கலந்தால் தடையாகிவிடுகிறது. அத்தடையும் ஒரே நாளில் முழுமையுறுவதில்லை. குதிரைக்கும் கழுதைக்கும் இன்றும் கலவி கூடும், பிறப்பும் கூடும்; பேரக்குட்டிதான் கூடுவதில்லை.