ஒரே மரையில் பல தேசத்து லென்ஸ்கள்

பழைய கேமராக்களைச் சேகரிப்போர் லைக்கா என்னும் ஜெர்மானியக் கருவியின் பெயரைக் கேட்டதும் பரவசமடைவது இயல்பே. ஆயினும் அக்கேமராவில் மாட்டுவதற்கென்று வேற்று நிறுவனங்கள் செய்தளித்த லென்ஸ்களிடத்தேதான் எனக்கு ஈடுபாடு அதிகம். லென்ஸைக் கழற்றி மாட்டும் வசதியோடு 1930இல் லைக்கா வெளிவந்தது. 39 மில்லிமீட்டர் விட்டமும், அங்குலத்துக்கு 26 சுற்றும் கொண்ட திருகு மரைதான் அந்த வசதி. அதே மரையை ஜப்பானிலும் சோவியத் நாட்டிலும் பிரான்ஸிலும் இருந்த தொழிற்சாலைகள் கைக்கொள்ளவே, ஒரு நிறுவனத்தின் ஏற்பாடாக இருந்தது உலகப் பொதுவாயிற்று.

இவ்வாறு பிறந்த லென்ஸ்கள் அசலுக்கு இளைத்தவை என்ற அபிப்பிராயம் நெடுநாள் நிலவியது. 1950இல் 'லைஃப்' பத்திரிகைக்காக டோக்கியோ வந்திருந்த டேவிட் டக்ளஸ் டங்கனை, ஜுன் மிக்கி என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர் 85 மி.மீ. நிக்கார் லென்ஸால் படமெடுத்துக் காட்டினார். அப்படத்தின் தெளிவைக் கண்டு வியந்த டங்கன் நிக்கார் லென்ஸ்களைத் தம் லைக்காக்களில் பொருத்திக்கொண்டு கொரிய யுத்தத்துக்குச் சென்றார். ஜப்பானிய லென்ஸின் கீர்த்தி மேனாடுகளில் பரவியது அதற்குப் பின்னரே.

சோவியத் லென்ஸ்களின் வரலாறு வேறு விதமானது. ஜெய்ஸ் நிறுவனத்தில் லுட்விக் பெர்ட்டெலே வகுத்த ஸொன்னார் என்னும் அமைப்பு, யுத்தத்தில் ஜெர்மனி தோற்றபின் மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க்குக்குப் போய், ஜூபிட்டர் என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. 50 மி.மீ. ஜூபிட்டர்-8ஐ எஃப் 2 அளவில் முழுதும் திறந்து ஒரு முகத்தைப் படமெடுத்தால், இமை மயிர் எண்ணத்தக்கதாய் நிற்க, பின்னணி மெழுகுபோல் இளகிக் கரைகிறது. அந்த மென்மை எனக்கு இன்றைய லென்ஸ்களில் கிட்டவில்லை.

ஆனால் லைக்காவில் அதை மாட்டுவோருக்கு ஒரு சங்கடம் உண்டு. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. லென்ஸைச் சுழற்றுகையில் அதன் பின்விளிம்பு கேமராவுக்குள் இருக்கும் நெம்புகோலை அசைக்க, தனியொரு சாளரத்தில் இரண்டாகத் தெரியும் பிம்பங்கள் நகர்ந்து ஒன்றாகின்றன. 50 மி.மீ. என்று பொறித்திருப்பினும், லைக்கா அந்த நெம்புகோலை அமைத்தது 51.6 மி.மீ. குவியத் தூரத்துக்கு, ஸொன்னார் வழிவந்த ஜூபிட்டருக்கோ அது சுமார் 52.4. தூரத்துக் காட்சிகளில் இந்தப் பேதம் புலப்படாது. ஒரு மீட்டர் தூரத்திலோ ஃபோகஸ் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் பின்னே விழுகிறது: கண்ணில் பிம்பங்களைச் சேர்த்து எடுத்த படத்தில் கண் மங்கிக் காதோரம் தெளிகிறது. லென்ஸுக்குள் மெல்லிய வளையமொன்றைச் செருகித் திறமையுள்ள மெக்கானிக் இதைச் சரிசெய்துவிடுவார். அது வரையில், பிம்பங்களைச் சேர்த்தபின் உடலைச் சற்றே பின்சாய்த்து எடுப்பது பலன் தரும்.

வாங்குமுன் டார்ச் ஒளியை லென்ஸின் பின்புறத்திலிருந்து பாய்ச்சிப் பார்ப்பது அவசியம். சிலந்தி நூல்போல் கிளைத்திருப்பது பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது விரைவில் பரவிக் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். சீராகப் படர்ந்த வெண்புகை பெரும்பாலும் பழைய கிரீஸின் ஆவி. துடைத்தால் போகலாம், போகாமல் கண்ணாடியையே தின்றும் இருக்கலாம். மேலே சில கீறல்கள் இருந்தால் நான் பொருட்படுத்துவதில்லை. படத்தை அவை அநேகமாகக் கெடுப்பதில்லை, விலையை மட்டும் குறைக்கின்றன. சோவியத் லென்ஸ்களின் வரிசை எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் தயாரித்த ஆண்டைச் சொல்லிவிடும்.

1954இல் லைக்கா திருகு மரையை விடுத்துப் புதிய பிணைப்புக்கு மாறியபோது, புதியதன் ஆழத்தைச் சரியாக ஒரு மில்லிமீட்டர் குறைத்து வைத்தமையால், அந்தக் கனமுள்ள வளையமொன்றின் துணையோடு பழைய லென்ஸ்கள் யாவும் அதிலும் பொருந்தின. இன்றைய கண்ணாடியில்லா டிஜிட்டல் கேமராக்களிலும் தகுந்த அடாப்டர் கொண்டு அவற்றை மாட்டலாம். திரையில் லென்ஸின் பிம்பத்தையே நேராகப் பார்த்து ஃபோகஸ் செய்வதால், ஜூபிட்டரின் அந்த மூன்று சென்டிமீட்டர்ப் பிழை அங்கே எழுவதேயில்லை. பழைய லென்ஸில் முதன்முதலாகப் பழக விரும்புவோர் அந்த வழியிலேயே தொடங்கலாம்.