கண்டமாலையும் கூனும்

கண்டமாலை என்னும் பெயரை நம் பாட்டிமார் நன்கறிவர். கழுத்தைச் சுற்றி மணி கோத்தாற்போற் கழலைகள் திரளுவதால் வந்த பெயர் அது. பெரும்பாலும் நோவு இராது. தொட்டாற் சூடும் இராது. ஆகவே பெற்றோர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. முதுகிலே கூன் விழுந்தாலோ, அதனை வினைப்பயன் என்று ஒதுக்கிவிடுவர். இரண்டும் சயரோகம் எனப்படும் காசநோயின் கோலங்களாயிருக்கக்கூடும் என்பதையே நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இலண்டன் நகரச் சத்திரவைத்தியர் பேர்சிவல் பொட் 1779ஆம் ஆண்டிலே, கூன் விழுந்தோரின் கால்கள் செயலிழப்பதைப் பற்றி எழுதினார். கண்டமாலைக்குரிய உடற்கேடே இதற்கும் மூலம் எனப் பின்னர் அவர் கருதினார். கிருமியை எவரும் காணாத காலம் அது! ரொபேட் கொக் அதனைக் கண்டறிந்து அறிவித்தது 1882இலேதான். பொட் செய்த சிகிச்சையோ, கூனின் இருபுறமும் புண்ணாக்கிச் சீழ் வடியவிடுவது. அப்பிள்ளைகள் பட்ட பாட்டை என்னென்பது!

நோயாளி இருமும்போது வெளிப்படும் கிருமி, பிள்ளையின் நுரையீரலை அடைந்து, நிணநீர் வழியே அருகிலுள்ள கணுக்களிற் புகுகின்றது. கணு ஒரு காவற்சாவடி. கிருமியை மறித்து வைக்கும். பிள்ளை மிக இளையதாயின், அல்லது போசாக்குக் குன்றியதாயின், காவல் தளரும். கிருமி இரத்தத்திற் கலக்கும். இரத்தவோட்டம் மிகுந்த முள்ளந்தண்டெலும்பு அதற்கு வாய்த்த இருப்பிடம். எலும்பை அடுத்துள்ள கணுவிலிருந்து நேரே பரவுவதும் உண்டு. எலும்பின் முன்பக்கம் அரிபட்டு ஆப்புப்போற் சரிய, முதுகு கூனுகின்றது.

நெறிகட்டுவதெல்லாம் காசநோயன்று. தொண்டைப்புண், சொத்தைப்பல், தலைச்சிரங்கு ஆகியவற்றால் வருவன விரைவில் வற்றிவிடும். வாரக்கணக்கில் வற்றாததையே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். அவ்வேளை முதுகையும் பார்க்கச் சொல்லுவது நன்று.

கூனுக்கு முன்னரே சில குறிகள் தோன்றும். நிலத்திற் கிடக்கும் காசை எடுக்கச் சொல்லுங்கள். முதுகை வளையாது முழங்காலை மடித்துக் குந்தியெடுக்கும் பிள்ளையின் முள்ளந்தண்டிற் கோளாறு இருக்கலாம். உறக்கத்திலே தசைகள் தளர, நோவினால் அலறுவதும் உண்டு. இதனைப் பேய்க்குற்றம் என்று நூல் கட்டி மாதங்களைக் கழிப்பது கொடுமையாகும்.

ஐசோனியசிட் 1952இல் வழக்கத்துக்கு வந்தபின் இந்நோயின் கதை மாறிற்று. கட்டிலிற் கிடத்தாது, நடமாடவிட்டு மருந்து கொடுத்தாலும் குணமாகும் எனக் கொரியாவில் நடந்த ஆய்வுகள் 1973இற் காட்டின. இன்று பல மருந்துகளைச் சேர்த்து, கழுத்துக் கழலைக்கு 4 முதல் 6 மாதங்களும், எலும்புக்கு 12 மாதங்கள் வரையும் கொடுக்கின்றனர். ஆயினும் சரிந்த எலும்பு நிமிர்வதில்லை. கிருமி அழிந்த பின்னரும், வளரும் பிள்ளைக்குக் கூன் கூடக்கூடும். ஆகையால் வளர்ச்சி நிற்கும்வரை முதுகை இடையிடையே படமெடுத்துப் பார்ப்பர்.