உங்கள் வயல் எங்கே முடிகிறது? சர்வே கல்லுக்கும் சுரங்க வரைபடத்துக்கும் நடுவில் டெல்டா

2023 மார்ச் கடைசியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட நிலக்கரி, பழுப்பு நிலக்கரி வட்டாரங்களை ஏலத்துக்கு அறிவித்தது. பட்டியலில் தமிழ்நாட்டுப் பெயர்கள் மூன்று: தஞ்சாவூர் மாவட்டத்தின் வடசேரி, கடலூர் மாவட்டத்தின் சேத்தியாத்தோப்பு கிழக்கு, அரியலூர் மாவட்டத்தின் மைக்கேல்பட்டி.

ஏப்ரல் 4-ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் சட்டமன்றத்தில் கட்சி வேறுபாடு இல்லாமல் எதிர்ப்பு எழுந்தது. ஏப்ரல் 8-ஆம் தேதி மூன்று வட்டாரங்களும் ஏலத்திலிருந்து நீக்கப்படுவதாக அன்றைய நிலக்கரித் துறை அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். செய்தி அத்தோடு முடிந்தது.

ஆனால், அந்த சில நாட்களில் ஒரத்தநாடு பக்கம் நிலம் வைத்திருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடிய முதல் கேள்வி ஒன்றுதான்: "நம்ம வயல் அந்தக் கோட்டுக்கு உள்ளே வருதா, வெளியே வருதா?" கேள்வி எளிமையானது. கையில் பட்டா இருந்தாலும் அதற்கு உடனே பதில் கிடைக்காது. ஏன் என்று பார்க்கலாம்.

ஒரே நிலம், இரண்டு வரைபடம்

உங்கள் நிலத்தை வருவாய்த் துறை அடையாளம் காண்பது சர்வே எண், உட்பிரிவு எண் மூலம். அந்த எண்ணுக்கு உரிய படம்தான் 'எஃப்எம்பி' எனப்படும் புலப்படம். புலத்தை முக்கோணங்களாகப் பிரித்து, ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு எத்தனை மீட்டர், அந்தக் கோட்டிலிருந்து வரப்பின் வளைவு எவ்வளவு தள்ளி என்று அளந்து போட்ட படம் அது. எல்லாமே கல்லை வைத்துத்தான். கல் இருக்கிற வரை, சங்கிலி பிடித்து எல்லையைத் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம்.

சுரங்க வட்டாரம் அப்படி இல்லை. அதன் மூலைகள் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகக் குறிக்கப்படும். அந்தப் புள்ளிகளை இணைத்தால் ஒரு பலகோண வடிவம் வரும். அதன் கோடு வரப்பு, வாய்க்கால், சுடுகாடு எதையும் பார்த்து வளையாது. ஒரே சர்வே எண்ணின் பாதி உள்ளேயும் மீதி வெளியேயும் விழலாம். எந்தெந்த சர்வே எண்கள் என்ற பட்டியல், குத்தகை அல்லது நில எடுப்பு என்ற கட்டம் வரும்போதுதான் தெளிவாக வெளியே வரும். ஏல அறிவிப்பு வரும் நாளில் விவசாயி கையில் இருப்பது ஊர்ப்பெயரும் வதந்தியும்தான்.

ஐந்து மீட்டர் பிசகினால் என்ன ஆகும்?

'கூகுள் மேப்பில் போட்டுப் பார்த்தால் போச்சு' என்று தோன்றலாம். செல்போன் ஜிபிஎஸ் சில மீட்டர் முன்னே பின்னே காட்டுவது சகஜம். டெல்டாவில் நிலத்தை இன்றும் மா, வேலி என்றுதான் பேசுவார்கள். ஒரு மா என்பது 100 குழி, சுமார் 33 சென்ட். 20 மா சேர்ந்தால் ஒரு வேலி. ஒரு மா நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 36 மீட்டர். அதில் கோடு ஐந்து மீட்டர் நகர்ந்தால் நாலரை சென்ட் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடும். இரண்டு மா வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது சின்ன அளவு இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய இந்திய நிலவரைபடங்கள் 'எவரெஸ்ட்' என்ற புவி மாதிரியை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்துவது 'டபிள்யூஜிஎஸ் 84' என்ற மாதிரி. ஒன்றின் எண்ணை மாற்றாமல் அப்படியே இன்னொன்றில் போட்டால் இடம் நூறு மீட்டருக்கு மேல்கூடத் தள்ளிப் போகலாம். அதனால்தான் துல்லியமான அளவைக்கு 'டிஜிபிஎஸ்' கருவி வேண்டும். எந்த மாதிரியில் அளந்தார்கள் என்பதும் பதிவாக வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அறுந்த கயிறு

நில அளவை தஞ்சாவூருக்குப் புதிது இல்லை. முதலாம் ராஜராஜன் காலத்தில், கி.பி. 1000-ஐ ஒட்டி, சோழ நாடு முழுக்க நிலம் அளக்கப்பட்டது. வேலியின் நம்ப முடியாத அளவு சிறிய பின்னங்கள் வரை பெரிய கோயில் கல்வெட்டுகளில் பதிவாகியிருக்கின்றன. வரி கணக்கிட நிலத்தின் அளவு அரசுக்குத் தேவைப்பட்டது. காரணம் அன்றும் அதுதான், பிறகும் அதுதான்.

1799-இல் இரண்டாம் சரபோஜி ஆட்சிப் பொறுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். 1802-இல் சென்னையில் அடிக்கோடு அளந்து, நாட்டையே முக்கோணங்களாக அளக்கும் பெரும்பணியை வில்லியம் லாம்டன் தொடங்கினார். சமவெளி, தென்னந்தோப்பு, தொலைவு தெரியாத நிலம் என்பதால் காவிரிப் படுகை அவருக்குச் சவாலாக இருந்தது. உயரம் வேண்டுமென்றால் கோயில் கோபுரம்தான் வழி. 1808-இல் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் பித்தளை வட்டம் நெளிந்துபோனது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைத் தன் கையாலேயே சரிசெய்தார். அவருக்குப் பின் அந்தப் பணியை ஏற்றவர்தான் ஜார்ஜ் எவரெஸ்ட். மேலே சொன்ன புவி மாதிரிக்கு அவர் பெயர்தான்.

அது நாட்டின் வரைபடத்துக்கான அளவை. ஒவ்வொரு வயலையும் அளந்து, எண் போட்டு, கல் நட்டு, ரயத்துவாரி முறையில் தீர்வை நிர்ணயிக்கும் வேலை தஞ்சாவூரில் 1890களில்தான் முழுமை பெற்றது. பிறகு 1923-இல் வந்த நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டப்படி அளவை முடிந்து அறிவிக்கப்பட்ட எல்லையே இறுதிச் சான்று. ஏற்க முடியாதவர் மூன்று ஆண்டுகளுக்குள் சிவில் நீதிமன்றம் போக வேண்டும். கல்லைப் பாதுகாப்பதும் நிலம் வைத்திருப்பவரின் கடமை. 1979 முதல் 1987 வரை நடந்த 'யுடிஆர்' திட்டத்தில் பதிவேடுகள் திருத்தப்பட்டு ஹெக்டேர் கணக்குக்கு மாறின. இன்று ஆன்லைனில் நீங்கள் பார்க்கும் பட்டாவுக்கு அடிப்படை அதுதான்.

அமெரிக்காவில் கம்பு நட்டால் சுரங்கம்; இங்கே?

சுரங்க எல்லை என்றதும் ஹாலிவுட் படங்களில் தங்கம் தேடி வந்தவர் நான்கு மூலையிலும் கம்பு நடுவது நினைவுக்கு வரலாம். அது கற்பனை இல்லை. 1872-ஆம் ஆண்டு சுரங்கச் சட்டப்படி, அமெரிக்க அரசுப் பொதுநிலத்தில் கனிமம் கண்டுபிடித்தவர் அதிகபட்சம் 1,500 அடி நீளம், 600 அடி அகலம் வரை ஒரு கனிமப் படிவத்துக்கு உரிமை கோரலாம். அந்த நிலத்தையே சொந்தமாக்க வேண்டுமென்றால், 1812-இல் தொடங்கப்பட்ட பொது நில அலுவலகத்தின் முறையான சர்வே தேவை. ஒருவர் கோரிய எல்லை மேல் இன்னொருவர் எல்லை ஏறி வழக்குகள் குவிந்ததால்தான் இந்த ஏற்பாடு. 1994 முதல் அப்படி நிலத்தைச் சொந்தமாக்கும் புதிய விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டுவிட்டன.

இந்தியாவில் 'முதலில் வந்தவர் கம்பு நடலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. 1957-ஆம் ஆண்டு சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி குத்தகை இல்லாமல் யாரும் தோண்ட முடியாது. நிலத்தின் சொந்தக்காரரும் முடியாது. குத்தகையை வழங்குவது மாநில அரசு. ஆனால் நிலக்கரி, பழுப்பு நிலக்கரி என்றால் மத்திய அரசுக்கும் அதில் பங்கு உண்டு. சுண்ணாம்புக்கல் போன்ற கனிமங்களுக்கு 2016-இல் வந்த விதிகளில் எல்லைத் தூண் எப்படி இருக்க வேண்டும் என்பதுகூட எழுதப்பட்டிருக்கிறது: மஞ்சள் வண்ணம், உச்சியில் சிவப்பு, வரிசை எண், மூலைத் தூண்களில் அட்ச தீர்க்கரேகை. வருவாய்த் துறைக் கல்லோடு மஞ்சள் தூணும் ஒத்துப்போகிறதா என்பதில்தான் பக்கத்து நிலத்துக்காரரின் நிம்மதி இருக்கிறது.

அடியில் இருப்பது யாருக்குச் சொந்தம்?

'மேலே இருக்கும் மண் நம்முடையது, கீழே இருப்பது சர்க்காருடையது' என்று கிராமத்தில் சொல்வார்கள். சட்டம் அவ்வளவு நேர்க்கோடு இல்லை. பழைய சென்னை மாகாணத்தின் மலபார் பகுதி நிலங்கள் பற்றிய வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு தந்தது. நிலத்தடிச் செல்வம் எல்லாம் தானாகவே அரசுக்குச் சொந்தம் என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. முறையான சட்ட நடவடிக்கை மூலம் எடுக்கப்படாத வரை, நிலம் யாருடையதோ அடியில் இருப்பதும் பொதுவாக அவருடையதே என்பது அதன் சாரம். ஆனால் சொந்தம் என்பது வேறு, தோண்டும் உரிமை என்பது வேறு. இரண்டாவது கிடைக்கக் குத்தகை வேண்டும்.

இங்கே இன்னொரு எல்லைக்கோடும் இருக்கிறது, அரசியல் சாசனத்தில். விவசாயமும் நிலமும் மாநிலப் பட்டியலில் வருகின்றன. சுரங்க ஒழுங்குமுறையில் மத்திய அரசு சட்டம் இயற்றினால் அந்த அளவுக்கு மாநில அதிகாரம் சுருங்கும். டெல்டா பிரச்சினைகள் திரும்பத் திரும்ப முட்டி நிற்பது இந்த இடத்தில்தான்.

வேளாண் மண்டலச் சட்டம் எதைக் காக்கிறது?

2010-இல் மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்குத் தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் வட்டாரம் ஒதுக்கப்பட்டது. நம்மாழ்வார் உள்ளிட்டோர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். எதிர்ப்பு வலுத்து, 2015-இல் மாநில அரசு அதை முழுமையாகத் தடை செய்தது. அடுத்து நெடுவாசல், ஹைட்ரோகார்பன் என்று போராட்டங்கள் தொடர்ந்தன. 2020 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது.

அன்றைய எல்லைப்படி தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தலா ஐந்து ஒன்றியங்களும் இந்த மண்டலத்துக்குள் வந்தன. முதலில் பேசப்பட்ட திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் சட்டத்தில் இடம்பெறவில்லை. விளைவு 2023-இல் தெரிந்தது. வடசேரியும் சேத்தியாத்தோப்பு கிழக்கும் மண்டலத்துக்குள் வருவதாக முதல்வரின் கடிதம் சொன்னது. மைக்கேல்பட்டியோ, விளைநிலமாக இருந்தும், கோட்டுக்கு வெளியே மண்டலத்தை ஒட்டி நின்றது.

தடைப் பட்டியலையும் கவனிக்க வேண்டும். 2020-இல் நிறைவேறிய பட்டியலில் எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு ஆய்வும் எடுப்பும் வெளிப்படையாக இருந்தன. நிலக்கரிச் சுரங்கம் தனித் தலைப்பாக இல்லை. ஏற்கெனவே நடந்துவந்த திட்டங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. கோட்டை எங்கே போடுகிறோம் என்பதோடு, கோட்டுக்குள் எந்தெந்தச் சொற்களை எழுதுகிறோம் என்பதும் அதே அளவு முக்கியம்.

பட்டாவில் பெயர் இல்லாதவர்

எல்லா எல்லை நோட்டீசும் பட்டாவில் உள்ள பெயருக்குத்தான் வரும். டெல்டாவில் கோயில் நிலம், மட நிலம், வெளியூரில் இருப்பவர்களின் நிலம் ஏராளம். சேற்றில் இறங்கி நடவு செய்பவர் குத்தகைதாரராக இருப்பார். அவர் பெயர் பட்டாவில் இருக்காது. 1969-ஆம் ஆண்டு சட்டப்படி குத்தகை உரிமையைத் தாலுகா அளவில் பதிவு செய்யலாம். வாய்வழிக் குத்தகை என்றால் அந்தப் பதிவும் இருக்காது. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், எடுப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தையே நம்பி வாழும் குத்தகைதாரரையும் விவசாயக் கூலியையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. ஆனால் அதைக் காட்ட ஒரு காகிதம் வேண்டுமே!

நீங்கள் செய்யக்கூடியது

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை, ஊரில் அப்பா பெயரில் நிலம் என்றால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் எடுத்து ஒன்றுக்கொன்று ஒத்துப் பாருங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் மாற்ற விண்ணப்பியுங்கள். நோட்டீஸ் வந்தால் அது இறந்தவர் பெயருக்குத்தான் வரும். கல் காணாமல் போயிருந்தால் அளவை கோரி மனு கொடுத்து, பக்கத்து வயல்காரர் முன்னிலையிலேயே திரும்ப நட்டுக்கொள்ளுங்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் அதை எழுத்தில் வையுங்கள்; அது உங்களுக்கும் பாதுகாப்பு, உழுபவருக்கும் பாதுகாப்பு.

2023-இல் நீக்கப்பட்டது ஏலப் பட்டியலில் இருந்த மூன்று பெயர்கள். மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி அங்கேயேதான் இருக்கிறது. இன்னொரு வரைபடம் எப்போது வந்தாலும் முதல் கேள்வி பழைய கேள்வியாகத்தான் இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அப்பாவோடு ஒருமுறை வரப்பில் நடந்து, நான்கு மூலைக் கல்லும் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல வீடுகளில் அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.