2009 இல் கருவில் இருந்தவர்கள்

ஒவ்வொரு மே மாதமும் கஞ்சி காய்ச்சி முள்ளிவாய்க்காலின் பசியை நினைவுகூருகிறோம். அன்று அங்கு நின்ற கர்ப்பிணித் தாய்மாரின் வயிற்றிலிருந்த பிள்ளைகளும் அந்தப் பசியைப் பங்கிட்டார்கள். இன்று அவர்கள் பதின்ம வயதுகளில் இருக்கிறார்கள். கருவில் பட்ட பசி பிற்காலத்தில் உடலை என்ன செய்யும்?

போரில் பட்டினி கிடந்த வேறு மக்களிடம் இதற்கான விடை தேடப்பட்டிருக்கிறது. 1944 இன் இறுதியில் ஜேர்மனியப் படைகள் மேற்கு நெதர்லாந்துக்கு உணவு செல்வதைத் தடுத்தன. ஒருவருக்கான நாளாந்தப் பங்கீடு 400 முதல் 800 கலோரி வரை இறங்கியது. 1945 மே மாதத்தில் பஞ்சம் முடிந்தது. அம்ஸ்டர்டாம் மருத்துவமனை ஒன்றின் பிரசவப் பதிவேடுகளை வைத்து, அந்தக் காலத்தில் பிறந்தவர்களை அவர்களுடைய ஐம்பதாவது வயதளவில் ஆய்வாளர்கள் தேடிப் பரிசோதித்தார்கள். கருவில் பசித்திருந்தவர்களின் உடல் சீனியைக் கையாளத் திணறியது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் பஞ்சத்துக்குள் அகப்பட்டவர்கள் வழமையான நிறையுடன்தான் பிறந்திருந்தார்கள். ஆனாலும் இதய நோய் அவர்களிடமே அதிகம் காணப்பட்டது. நைஜீரியாவின் பியாஃப்ரா போரில் (1967-1970) பட்டினிக்குள் பிறந்தவர்களிடம் நாற்பது வயதில் உயர் குருதி அழுத்தமும் நீரிழிவுக்கான அறிகுறிகளும் கூடுதலாக இருந்தன.

காரணம் உடலின் சிக்கனம். உணவு போதாதபோது கரு மூளையைக் காப்பாற்றி, கணையத்திலும் சிறுநீரகத்திலும் கைவைக்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பிறப்புக்கு முன்னரே உருவாகி முடிகின்றன. பின்னர் எவ்வளவு சாப்பிட்டாலும் புதிதாக முளைப்பதில்லை. பற்றாக்குறைக்குப் பழகிய இந்த உடலுக்கு, பின்னாளில் சீனியும் சோடாவும் பிஸ்கட்டும் தாராளமாகக் கிடைப்பது இன்னொரு சுமை. ‘அந்த நேரம் சாப்பாடே இல்லை, இப்பவாவது சாப்பிடட்டும்’ என்ற தாய்மனம் விளங்கக்கூடியதுதான்.

இது தலைவிதி அல்ல. எல்லோருக்கும் நோய் வருவதில்லை, வாய்ப்புத்தான் கூடுகிறது. ஆனால் அரச மருத்துவமனைகளின் தொற்றா நோய்ப் பரிசோதனை நிலையங்கள் பெரும்பாலும் 35 வயதைக் கடந்தவர்களுக்கானவை. இவர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இப்போதே ஆண்டுக்கொரு தடவை குருதி அழுத்தத்தை அளப்பது பெரிய வேலையல்ல. இவர்களில் பெண் பிள்ளைகள் சில வருடங்களில் தாய்மாராவார்கள். கர்ப்பகாலச் சீனிப் பரிசோதனையை அவர்கள் தவறவிடக்கூடாது.

பதுங்குகுழிகளுக்குள் பிறந்தவர்களுக்குப் பதிவேடு ஏது? இருப்பது அம்மாவின் நினைவு மட்டும். பட்டினி கிடந்தபோது எத்தனையாவது மாதம், பிள்ளை பிறந்தது எங்கே, என்ன சாப்பிட்டார் என்று அவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோங்கள்.