ஸ்டீரிங்கைப் பிரிக்கும் முன் ஆக்ஸிலைப் பாருங்கள்

கச்சிராயபாளையத்தில் லாரி ஓட்டுகிறவருக்கு இரண்டு பரீட்சை உண்டு. ஒன்று, கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கியதும் வரும் கரும்புப் பாரம். வயல் வரப்பை ஏறி இறங்கி, வண்டிப்பாதைப் பள்ளங்களில் குலுங்கி, ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்வரை முன் ஆக்ஸிலுக்கு ஓய்வில்லை. இன்னொன்று மலை. கோமுகி அணையைத் தாண்டினால் வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைச்சாலை. மரவள்ளி, புளி, கடுக்காய் என்று ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டி வளைவுக்கு வளைவு பிரேக் மிதித்தாக வேண்டும். பாரத்தில் தப்பிக்கிற கோளாறு மலையில் மாட்டிக்கொள்ளும்.

நான் இங்கே பட்டை வேலை செய்கிறவன். லாரியின் வில்பட்டை, கிங்பின், ஆக்ஸில், டை ராடு, இவைதான் என் பிழைப்பு. என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் ‘ஸ்டீரிங் சரியில்லை’ என்று சொல்லித்தான் வருகின்றன. அவற்றில் ஸ்டீரிங் பாக்ஸ் உண்மையிலேயே கெட்டுப்போனவை குறைவு. முன்பக்கத்தை யாரோ கழற்றி, அளக்காமல் மாட்டியிருப்பார்கள். இதை ஒரு பழைய வண்டியை வைத்துச் சொல்கிறேன். புது வண்டியானாலும் கணக்கு ஒன்றுதான்.

சில வருடங்களுக்கு முன் பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் 1968-ல் பதிவான டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் லாரியைக் கொண்டுவந்தார். டாட்டாவின் டெல்கோ கம்பெனி ஜெர்மனியின் டைம்லர் பென்ஸுடன் 1954-ல் கூட்டுச் சேர்ந்து ஜம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. 1969 வரை நீடித்த அந்தக் கூட்டில் வந்த வண்டிகளின் முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருக்கும். எண்ணூரில் அசோக் லேலண்டும் ஜம்ஷெட்பூரில் இந்த வண்டியும்தான் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஒரு தலைமுறையைச் சுமந்தவை. “அப்பா ஓட்டின வண்டிண்ணே, விக்க மனசு வரல” என்றார் அவர். வேறொரு ஊரில் பெரும் செலவு செய்து முன்பக்கம் முழுக்கப் புதுப்பித்திருந்தார். பெயிண்ட் பளபளத்தது. ஆனால் வண்டி சரியாக ஓடவில்லை.

டிரைவர் சொன்னது எனக்குப் போதுமானதாக இருந்தது. “நேர் ரோட்டுலயே கிளீனர் பக்கம் இழுக்குதுண்ணே. வளைவுல திருப்பினா ஸ்டீரிங் தானா திரும்பி வரமாட்டேங்குது, நாமதான் இழுத்துக் கொண்டாரணும். பிரேக் மிதிச்சா கையில வெடுக்குனு ஆடுது.” இதற்காக ஸ்டீரிங் பாக்ஸை ஏற்கெனவே பிரித்து, பேரிங் மாற்றி, திரும்பப் பூட்டியிருந்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை.

லாரியின் முன்பக்கம் எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் டிரைவரின் மூன்று புகாருக்கும் காரணம் புரிந்துவிடும். கார்களில் இருப்பதுபோல் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி அமைப்பு இதில் கிடையாது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே இரும்புத் தண்டு, அடித்து உருவாக்கிய முன் ஆக்ஸில். அதன் இரண்டு நுனியிலும் கிங்பின். அதைச் சுற்றித்தான் சக்கரம் திரும்புகிறது. ஆக்ஸிலுக்கு மேல் வலம் ஒன்று இடம் ஒன்றாக வில்பட்டைக் கட்டு உட்காரும். பட்டைகளுக்கு நடுவே சென்டர் போல்ட் போகும். அதன் தலை ஆக்ஸிலில் இருக்கும் குழியில் உட்கார்ந்து இடத்தைக் காட்டும். பிடித்து வைப்பது யூ போல்ட். பட்டையின் ஒரு முனை சேசிஸில் அசையாமல் பின் போட்டு நிற்கும். மறுமுனை ஷாக்கிள் என்ற தொங்கு கண்ணியில் ஆடும். பாரம் ஏறினால் வளைந்த பட்டை நிமிர்ந்து நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பதுதான் ஷாக்கிளின் வேலை. குதிரை வண்டிக்காக இங்கிலாந்தில் ஒபதியா எலியட் 1804-ல் காப்புரிமை வாங்கிய வில்பட்டையின் வழித்தோன்றல்தான் இது. இரண்டு நூற்றாண்டு கடந்தும் பாரவண்டிக்கு இதைவிட எளிய ஏற்பாடு வரவில்லை என்பது என் எண்ணம்.

நான் முதலில் எதையும் கழற்றவில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டயரில் காற்றைச் சரிபார்த்து, சேசிஸில் இருபுறமும் ஒரே இடத்து ரிவெட்டிலிருந்து தூக்குக்குண்டு இறக்கினேன். தரையில் சாக்பீஸ் குறி. முன் ஹப்பிலிருந்தும் பின் ஹப்பிலிருந்தும் அதே மாதிரி இறக்கிக் குறித்துக்கொண்டு, வண்டியை நகர்த்திவிட்டு நூல் பிடித்து அளந்தால் உண்மை தரையில் கிடக்கும். கிளீனர் பக்கம் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் டிரைவர் பக்கத்தைவிட 18 மில்லிமீட்டர் குறைவு. அதாவது முன் ஆக்ஸிலின் இடது முனை பின்வாங்கியிருந்தது. அப்படியானால் இரண்டு சக்கரமும் இடப்பக்கம் பார்த்தபடிதான் உருளும். டிரைவர் அதை எதிர்த்து நாள் முழுவதும் ஸ்டீரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார்.

காரணம் எளிது. பல வண்டிகளில் சென்டர் போல்ட் பட்டையின் நட்டநடுவில் இருக்காது. ஒரு பாதி கொஞ்சம் நீளம், மறுபாதி கொஞ்சம் குறைவு. இடப்பக்கத்துக் கட்டை முன்பின்னாகத் திருப்பி ஏற்றியிருந்தார்கள். இரண்டு முனைக் கண்ணும் ஒரே அளவாக இருந்ததால் பின் தடையில்லாமல் ஏறியிருக்கிறது. மாட்ட முடிந்ததால் சரி என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்தது கிங்பின்னின் சாய்வு. மெக்கானிக்குகள் காஸ்டர் என்பார்கள். சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பாருங்கள்: மேல்பக்கம் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இருப்பதால்தான் கையை விட்டாலும் சக்கரம் நேராக நிற்கப் பார்க்கிறது. லாரியிலும் கிங்பின்னின் தலை சற்றுப் பின்னால் சாய வேண்டும். ஒன்றிரண்டு டிகிரிதான், ஆனால் அது இல்லாமல் வளைவு முடிந்தபின் ஸ்டீரிங் திரும்பி வராது. இந்தச் சாய்வைக் கொடுக்கத்தான் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு ஒன்று வைப்பார்கள்; ஒரு முனை தடிப்பு, மறுமுனை மெலிவு. பட்டை ஆக்ஸிலுக்கு மேலே இருக்கும் வண்டியில் தடித்த முனை பின்பக்கம் வர வேண்டும். இந்த வண்டியில் இரண்டு பக்கமும் முன்பக்கம் இருந்தது. சாய்வு கூடுவதற்குப் பதில் குறைந்து, கிங்பின்னின் தலை முன்னால் சாய்ந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவில் இப்படி ஒரு வண்டியை எதிர்வண்டிக்கு வழிவிட்டுத் திருப்புவது உயிரோடு விளையாடுகிற வேலை.

மூன்றாவது குற்றம் ஆசையால் வந்தது. முகப்பு உயரமாக நின்றால் கம்பீரம் என்று பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். கரும்பு ஏற்றும் ஊர்களில் இந்தப் பழக்கம் அதிகம். பாரம் தாங்கும் என்று நினைக்கிறார்கள். பட்டை கூடினால் வளைவு கூடும், வளைவு கூடினால் கண்ணுக்குக் கண் தூரம் குறையும். ஷாக்கிள் முன்னால் சாய்ந்து, வெறும் வண்டியிலேயே பிராக்கெட்டில் முட்டிக்கொண்டிருந்தது. சக்கரம் பள்ளத்தில் இறங்க வேண்டிய நேரத்தில் பட்டைக்கு அசைய இடமில்லை. அதோடு ஆக்ஸில் சேசிஸைவிட்டு விலகியதால் ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் ராடு அளவுக்கு மேல் சரிந்துவிட்டது. அந்த நிலையில் பட்டை ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ராடு சக்கரத்தைத் தள்ளும், இழுக்கும். பிரேக் மிதிக்கும்போது ஆக்ஸில் முன்பக்கமாக முறுகும். அதுவும் ராடு வழியாகக் கைக்கு வந்து சேரும். ‘வெடுக்குனு ஆடுது’ என்று டிரைவர் சொன்னது இதைத்தான்.

எனக்குக் கோபம் வந்தது வேறொன்றைப் பார்த்து. யூ போல்ட் நட்டு தளராமல் இருக்க வெல்டிங் வைத்திருந்தார்கள். பொறி தெறித்து மெயின் பட்டையில் மணி மணியாக ஒட்டியிருந்தது. வில்பட்டை சூட்டிலும் குளிரிலும் பதப்படுத்திய எஃகு. அந்தப் பதம் இருப்பதால்தான் உடைந்த லாரிப் பட்டையை எங்கள் பக்கத்துக் கொல்லர்கள் தேடி வாங்கிக் கரும்பு வெட்டும் கத்தி அடிக்கிறார்கள். கொல்லர் காய்ச்சினால் மறுபடி பதம் வைப்பார். வெல்டிங் பொறி விழுந்த இடத்தில் பதம் கெட்டு விரிசலுக்கு வித்து விழும், யாரும் பார்க்கமாட்டார்கள். ஒருநாள் பாரத்தோடு உடையும். ஆக்ஸிலும் அப்படித்தான். கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி நிமிர்த்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வளைந்த ஆக்ஸிலைக் காய்ச்சாமல் பிரஸ்ஸில் வைத்துத்தான் நிமிர்த்த வேண்டும், அதுவும் ஓர் அளவு வரைக்கும்தான். இந்த வண்டியில் ஆக்ஸில் தப்பித்திருந்தது. மெயின் பட்டை இரண்டையும் தூக்கிப் போட்டோம்.

பிறகு செய்த வேலை பேச்சுக்குச் சின்னது. கூடுதல் பட்டைகளை எடுத்தோம். இடப்பக்கக் கட்டைத் திருப்பினோம், ஆப்புத் தகட்டைத் திருப்பினோம். புது மெயின் பட்டை, புது சென்டர் போல்ட், புது யூ போல்ட். ஒருமுறை முறுக்கி நீண்ட யூ போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. ஷாக்கிள் பின் எல்லாவற்றிலும் கிரீஸ் புகுந்து மறுபக்கம் வருகிறதா என்று பார்த்தோம். பல வண்டிகளில் நிப்பிள் இருக்கும், துளை அடைத்திருக்கும். கிங்பின்னைச் சோதிக்கச் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் புஷ். சக்கரங்களின் முன் இடைவெளி பின் இடைவெளியைவிடச் சில மில்லிமீட்டர் குறையும்படி டை ராடை வைத்துக் கடைசியில்தான் சரிசெய்தோம். ஆக்ஸில் கோணலாக இருக்கும்போது டை ராடைத் திருகிப் பயனில்லை, டயர்தான் தேயும்.

இது நம் ஊர்க் குற்றம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1940, 50-களின் ஃபோர்டு, ஷெவ்ரோலே பிக்கப் வண்டிகளை ஆசையாக வைத்திருப்பவர்கள் பழைய ஆக்ஸிலை அறுத்துவிட்டு, 1974 முதல் 1978 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் 2 காரின் முன்பக்க அமைப்பைப் போல ஒன்றை வெல்டிங் வைப்பார்கள். கார் மாதிரி மெத்தென்று ஓட வேண்டும் என்ற ஆசை. குறுக்குச் சட்டத்தை அரை அங்குலம் தள்ளி வைத்தால் அங்கேயும் இதே இழுப்பு, இதே அலைச்சல். இங்கே அந்த வழிக்கே போக வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரித்த கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டத்துக்காக மட்டும் நான் சொல்லவில்லை. அந்த முன்பக்கத்தை வரைந்தவர்கள் பட்டையின் நீளத்தையும் ராடின் கோணத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்தக் கணக்குப் போட்டு வைத்தார்கள். ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் மாறும்.

வேலை முடிந்து அந்த லாரி வெள்ளிமலை வரை ஏறி இறங்கியது. வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாகத் திரும்பியதாக டிரைவர் சொன்னார்.

பழைய வண்டியோ புது வண்டியோ, முன்பக்க வேலை முடிந்து பட்டறையிலிருந்து எடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இருபுறமும் சக்கர இடைவெளி அளந்தீர்களா, எவ்வளவு? ஆப்புத் தகட்டின் தடித்த முனை எந்தப் பக்கம்? எங்காவது வெல்டிங் வைத்தீர்களா? பதில் சொல்லத் தயங்கினால் வண்டியை எடுக்காதீர்கள். எடுத்தபின், முதல் லோடு இறக்கியதும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். புதுப் பட்டைகள் பாரத்தில் படிந்து உட்காரும், நட்டு தளரும். தளர்ந்தால் சுமை முழுவதும் சென்டர் போல்ட்டில் விழுந்து அது அறுந்துபோகும், ஆக்ஸில் ஓடும் வண்டியில் பின்னால் நகரும். நட்டை மறுபடி முறுக்குவது அரைமணி நேர வேலை, எந்தப் பட்டறையிலும் செய்துகொள்ளலாம்.