ஒளித்து வைத்த ஒயின்

2014 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் பேரி ஓ'ஃபாரல் பதவி விலகினார். காரணம், ஒரு பாட்டில் ஒயின். 2011 தேர்தலில் ஜெயித்த கையோடு அவர் வீட்டுக்குப் பரிசாக வந்தது. விலை சுமார் 3,000 ஆஸ்திரேலிய டாலர். அப்படி ஒன்று வந்ததாக நினைவே இல்லை என்று ஊழல் தடுப்பு ஆணையத்தில் சாட்சி சொன்னார். மறுநாளே அவர் கைப்பட எழுதிய நன்றிக் குறிப்பு வெளியே வந்துவிட்டது. வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று ஆணையமும் சொல்லவில்லை. ஆனாலும் பதவி போனது போனதுதான்.

அந்த பாட்டில் 1959-ஆம் ஆண்டு அறுவடையில் உருவான பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச். ஓ'ஃபாரல் பிறந்த வருடமும் 1959. பிறந்த வருடத்து ஒயினைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது அந்த ஊரில் பெரிய மரியாதை. அரசியலை விடுங்கள். கொடுத்தவருக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ, 1959 கிரேஞ்ச், தயாரித்த நிறுவனத்தின் உத்தரவுப்படி பார்த்தால் உருவாகியே இருக்கக் கூடாத ஒயின். வருடக்கணக்கில் வைத்துக் குடிக்க நல்ல சிவப்பு ஒயின் வாங்கப் புறப்படுகிறவர்கள் விலைப் பட்டியலைப் படிப்பதற்கு முன் அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

கிரேஞ்சை உருவாக்கிய மேக்ஸ் ஷூபர்ட் பதினாறு வயதில் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, தலைமை ஒயின் தயாரிப்பாளர் வரை உயர்ந்தவர். ஷெர்ரி எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவரத்தான் நிறுவனம் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அன்றைய ஆஸ்திரேலியர்கள் குடித்ததெல்லாம் பெரும்பாலும் அந்த மாதிரி இனிப்பும் போதையும் கூடிய ரகங்கள். 1950-இல் பிரான்சின் போர்டோ பக்கம் போனபோது நாற்பது, ஐம்பது வருடம் முதிர்ந்த ஒயின்களை ருசி பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. அத்தனை வருடமாகியும் அவற்றில் உயிர் இருந்தது. ஊர் திரும்பியதும் அதே போல ஒன்றைச் செய்து பார்க்க நினைத்தார். போர்டோவின் கேபர்னே திராட்சை உள்ளூரில் போதிய அளவு கிடைக்கவில்லை. ஷிராஸ் நிறையக் கிடைத்தது. பிரெஞ்சு பீப்பாய்களுக்குப் பதில் புது அமெரிக்க ஓக் பீப்பாய்கள். 1951-இல் முதல் சோதனை.

1957-இல் சிட்னி தலைமையகம் அவர் சேர்த்துவைத்திருந்ததை வரவழைத்து, பெரிய மனிதர்களைக் கூட்டிச் சுவைக்கச் செய்தது. ஒருவருக்கும் பிடிக்கவில்லை. இனி இதைச் செய்யாதே என்று எழுத்தில் உத்தரவு வந்தது. ஷூபர்ட் நிறுத்தவில்லை. அடிலெய்டுக்குப் பக்கத்தில் மகில் என்ற இடத்தில் இருந்த நிலவறைகளில், நிறுவனத்துக்குத் தெரியாமல் 1957, 1958, 1959 அறுவடைகளை உருவாக்கி ஒளித்துவைத்தார். புது பீப்பாய் வாங்கப் பணம் கேட்க வழியில்லை. அதனால் அந்த மூன்றும் கொஞ்சம் மட்டு என்பார்கள். இதற்கிடையே முதல் அறுவடைகள் பாட்டிலுக்குள் பக்குவப்பட்டுவிட்டன. 1960-இல் மறுபடி சுவைத்துப் பார்த்த நிர்வாகம், மீண்டும் செய்யச் சொன்னது. 1951 பாட்டில் ஒன்று ஏலத்தில் ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போயிருக்கிறது.

1957-இல் முகம் சுளித்தவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் நாக்கு சரியாகத்தான் சொன்னது, காலம்தான் வரவில்லை. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கிற டானின்தான் சிவப்பு ஒயினுக்குத் துவர்ப்பைத் தருகிறது. இளம் கிரேஞ்சைக் குடித்தால் நாவற்பழம் தின்றதுபோல வாயெல்லாம் பிடித்து இழுக்கும். வருடங்கள் போகப்போக டானின் ஒன்றோடொன்று சேர்ந்து, நிறத்தையும் இழுத்துக்கொண்டு கசடாக அடியில் படியும். துவர்ப்பு தணியும், பழ வாசம் பின்வாங்கும், தோல், புகையிலை, காய்ந்த அத்தி வாசங்கள் எழும். எல்லா ஒயினுக்கும் இது நடக்காது. கடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை ஓரிரு வருடத்தில் குடித்துவிடவே செய்யப்பட்டவை. வைத்திருந்தால் துவர்ப்பு போவதற்கு முன் பழச்சுவை செத்துப்போகும்.

புது கிரேஞ்ச், அறுவடைக்குச் சுமார் நான்கு வருடம் கழித்துக் கடைக்கு வருகிறது. பாட்டில் சுமார் 1,000 ஆஸ்திரேலிய டாலர். வாங்கிய மாலையே அதைத் திறப்பவர் பாதிக் காசைக் கொட்டுகிறார் என்பது என் கட்சி. முதிர்ந்த பாட்டில் வேண்டுமென்றால் ஏலத்துக்குப் போக வேண்டும். அங்கே வருடத்தை விட முக்கியமான கேள்வி, இதுவரை இது யார் வீட்டில், எந்தச் சூட்டில் கிடந்தது என்பது. 12 முதல் 14 டிகிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல், இருட்டில், கார்க் காய்ந்துவிடாமல் படுக்கைவாட்டில் இருந்திருக்க வேண்டும். விளக்கொளியில் பிடித்து ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கழுத்துக்குக் கீழே, தோள்பட்டையின் பாதிக்கு இறங்கியிருந்தால் கார்க் வழியே காற்று புகுந்திருக்கிறது. லேபிள் எவ்வளவு அழகாக இருந்தாலும் கையை எடுத்துவிடுங்கள்.

இந்தக் கவலைக்கு பென்ஃபோல்ட்ஸ் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. 1991-லிருந்து பல நாடுகளில் முகாம் போடுகிறார்கள். பதினைந்து வயது தாண்டிய தங்கள் சிவப்பு ஒயின் எதுவானாலும் கொண்டுபோகலாம். மட்டம் இறங்கியிருந்தால் உரிமையாளர் கண்ணெதிரே திறந்து, ஒயின் தயாரிப்பாளரே ஒரு மடக்கு சுவைத்துப் பார்க்கிறார். நன்றாக இருந்தால் குறைந்த அளவுக்கு அதே ஒயினின் புதிய வெளியீட்டை ஊற்றி, புது கார்க் அடைத்து, கையெழுத்திட்ட சான்று ஒட்டித் தருகிறார்கள். கெட்டிருந்தால் சான்று கிடையாது; ஒரு வெள்ளைப் பொட்டு வைத்து அனுப்பிவிடுவார்கள். இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாட்டில்கள் பார்த்தாகிவிட்டன. பழசில் புதுசைக் கலப்பதாவது என்று முறுக்கிக்கொள்ளும் ரசிகர்களும் உண்டு. ஆனால் ஏலத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் பழைய பாட்டிலை வாங்குகிறவருக்கு அந்தச் சான்று பெரிய தெம்பு.

நம்மூர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. 2022 டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்த இந்திய ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தம், 150 சதவீதமாக இருந்த இறக்குமதி வரியை 15 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட பாட்டில்களுக்கு 75 ஆக்கியது. பத்து வருடத்தில் படிப்படியாக 25 ஆகும். வரி இறங்குகிறதே என்று வாங்கிச் சென்னை வீட்டு அலமாரியில் பத்து வருடம் வைத்தால், நம் கோடை அதை வேகவைத்துவிடும். குளிர்பெட்டிக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள் வாங்கிய வருடத்திலேயே குடித்துவிடுவது மேல்.

குளிர்ந்த இடம் இருப்பவர்களுக்கும் முதல் கொள்முதலாக கிரேஞ்சை நான் சொல்ல மாட்டேன். அதே நிறுவனத்தின் 'பின் 389' என்ற ஒயின் இருக்கிறது. முந்தைய கிரேஞ்ச் தங்கியிருந்த பீப்பாய்களிலும் அது முதிர்வதால் 'குட்டி கிரேஞ்ச்' என்று பெயர் வாங்கியது. அதைவிட மலிவு, கூனவாரா பகுதியின் வின்ஸ் பிளாக் லேபிள் கேபர்னே. 1954-லிருந்து வருகிறது. நல்ல வருடத்துச் சரக்கு இருபது வருடம் அசையாமல் நிற்கும். விலையோ கிரேஞ்சில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. ஒன்று வாங்காமல் ஒரே வருடத்தில் ஆறு வாங்குங்கள். ஐந்தாம் வருடம் ஒன்றைத் திறந்தால் துவர்ப்பு எவ்வளவு தணிந்திருக்கிறது என்று தெரியும், எட்டில் இன்னொன்று. அதற்குள்ளேயே பழச்சுவை தளர்வதாகத் தோன்றினால் மீதி நான்கையும் நண்பர்களைக் கூப்பிட்டுத் தீர்த்துவிடலாம்.